வெள்ளைச் சட்டையும் வரப்பு மண்ணும்

1986-ல் ஒரு மருந்து கம்பெனியின் பிரதிநிதியாக விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். விழுப்புரம் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டில் அது ஒரு பெரிய ஊர், அவ்வளவுதான். ஆனால் விற்பனைத் தொழிலில் இருந்தவர்களுக்கு அதுவே தலைநகரம். சென்னை, விருத்தாசலம், மாயவரம், பாண்டிச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைத் தண்டவாளங்களும் அங்கே வந்து சேரும். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடமும் அப்போது அதுதான். அங்கே அறை எடுத்துத் தங்கினால் திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என்று எங்கே போனாலும் இரவு திரும்பிவிடலாம். அதனால் மருந்து, உரம், சோப்பு, தேயிலை, இன்சூரன்ஸ் என எதை விற்பவருக்கும் விழுப்புரம் 'ஹெட் குவார்ட்டர்ஸ்' ஆக இருந்தது.

காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்றால் உடையை வைத்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடலாம். முழுக்கைச் சட்டையும் கறுப்பு ஷூவும் கையில் கனத்த தோல் பையுமாக நிற்பவர் மெடிக்கல் ரெப். சஃபாரி உடுத்தி, கம்பெனி ஜீப்புக்காகக் காத்திருப்பவர் உரக் கம்பெனி அதிகாரி. சலவை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ரெக்சின் பை என்றால் எல்.ஐ.சி. ஏஜென்ட். சேலை மூட்டையைப் பேருந்தின் கூரையில் ஏற்றிவிட்டு ஏணியிலிருந்து இறங்குபவர் தவணைக்குத் துணி விற்பவர். ஒவ்வொருவரும் யாரிடம் போகிறாரோ அவருக்கேற்ற உடையில்தான் கிளம்புவார். இந்த உடைக்கும் விற்பனைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி பணி ஓய்வு வரை என்னுடன் வந்தது. எனக்குக் கிடைத்த பதிலை, இன்று இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க விரும்புகிறேன்.

சென்னையில் நடந்த பயிற்சியில் மருந்தின் மூலக்கூறு, அளவு, பக்கவிளைவு ஆகியவற்றோடு உடைக்கும் ஒரு வகுப்பு இருந்தது. வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, அடர் நிறத்தில் பேன்ட், அதற்குப் பொருந்தும் டை, கறுப்பு ஷூ, அதே கறுப்பில் பெல்ட். தினமும் முகச்சவரம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நகத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று ஒருவர் கேட்டார். பயிற்சியாளர் சொன்ன காரணத்தை நான் மறக்கவில்லை. விஷுவல் எய்ட் என்ற பட விளக்க ஏட்டைப் பிரித்து விளக்கும்போது டாக்டர் நம் முகத்தைப் பார்ப்பதைவிட, படத்தின் மேல் நகரும் பேனாவையும் அதைப் பிடித்திருக்கும் விரலையும்தான் அதிக நேரம் பார்ப்பார். சுகாதாரத்தைத் தொழிலாகக் கொண்டவரின் எதிரில் அழுக்கு நகத்தோடு ஆன்டிபயாட்டிக் விற்க முடியாது. உடை விதிகளில் அழகுக்காக இருப்பவை கொஞ்சம்தான்; பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த விதிகளை விழுப்புரத்து வெயிலிலும் தூசியிலும் காப்பாற்றுவது தனி உழைப்பு. இரவு அறைக்குத் திரும்பியதும் முதல் வேலை சட்டையைத் துவைப்பது. காலரிலும் கைப்பட்டையிலும் சோப்பு போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, சொட்டு நீலம் கலந்த தண்ணீரில் அலசி, சோற்றுக் கஞ்சியில் முக்கி, மொட்டை மாடிக் கொடியில் போட வேண்டும். விடிந்ததும் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு ஓட வேண்டும். கொட்டாங்குச்சிக் கரி போட்டுச் சூடேற்றிய பித்தளைப் பெட்டியை அவர் ஒரு இழுப்பு இழுத்தால் காலர் அட்டைபோல் நிற்கும். திண்டிவனம் பேருந்து எத்தனை மணிக்கு என்று அவருக்குத் தெரியும்; என் சட்டையைத்தான் முதலில் எடுப்பார். என் விற்பனையில் அவருக்கும் பங்கு உண்டு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பேருந்தில் ஏறினால் வெயில் விழாத பக்கமாகப் பார்த்து உட்கார வேண்டும். காலருக்குள் கைக்குட்டையை மடித்து வைக்க வேண்டும். டை பையில் இருக்கும். திண்டிவனத்தில் இறங்கியதும் நேரே ஒரு மருந்துக் கடை. "கண்ணாடி உள்ள இருக்கு, போய் கட்டிக்கோ தம்பி" என்பார் கடைக்காரர். முகம் கழுவி, தலை சீவி, டை கட்டிக்கொண்டு, அவரிடமே எங்கள் மருந்துகளின் நடமாட்டத்தை விசாரித்துவிட்டு நேரு வீதியில் முதல் கிளினிக்கை நோக்கி நடப்பேன். எல்லா ரெப்புகளின் காலையும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும்.

திண்டிவனத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வேறொரு கம்பெனியின் மூத்த ரெப். அந்த ஊர்க்காரர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் இருந்த சட்டைகள் மிகவும் குறைவு. ஆனால் எந்தச் சட்டையிலும் ஒரு பொத்தான் உதிர்ந்து பார்த்ததில்லை. பைக்குள் ஒரு சிறு தகர டப்பாவில் ஊசி, வெள்ளை நூல், உபரிப் பொத்தான்கள், ஷூ துடைக்க ஒரு துண்டுத் துணி வைத்திருப்பார். "விலை உசந்த சட்டை போட்டா டாக்டர் உன் சம்பளத்த நினைப்பாரு. சுத்தமான சட்டை போட்டா உன் மருந்த நினைப்பாரு" என்பார்.

அவரிடம் கற்ற இன்னொரு பாடம் அதைவிடப் பெரியது. கிளினிக் வராந்தாவில் கைக்குழந்தையோடு கிராமத்துப் பெண்கள் காத்திருப்பார்கள். டை கட்டிய ஒருவர் உள்ளே வந்தால் அவர்கள் சட்டென்று எழுந்து வழிவிடுவார்கள். டாக்டர் என்றே நினைத்துவிடுவார்கள். சிலர் கும்பிடவும் செய்வார்கள். அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு நேரே உள்ளே போவது சுலபம், போனவர்களும் உண்டு. அண்ணன் ஒருநாளும் போனதில்லை. "உக்காரும்மா, நான் டாக்டர் இல்ல, மருந்து கம்பெனிக்காரன். உன் புள்ளைய காட்டிட்டு வா, அப்புறம் நான் போறேன்" என்று சுவரோரமாக நின்றுகொள்வார். உடை நமக்கு உரிமையில்லாத மரியாதையையும் வாங்கித் தரும். அதை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவன்தான் நல்ல விற்பனையாளன் என்பதை அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார். அந்த வராந்தாவில் நடப்பது உள்ளே இருக்கும் டாக்டர்களுக்கும் தெரியாமல் இருக்காது. திண்டிவனத்து டாக்டர்கள் அவர் சொன்ன மருந்தை நம்பி எழுதியதற்கு அவருடைய மடிப்புக் கலையாத சட்டை பாதிக் காரணம் என்றால், இந்தக் குணம் மீதிக் காரணம்.

அவர் சங்கத்துக்காரரும்கூட. இந்திய மருத்துவ, விற்பனைப் பிரதிநிதிகளின் சம்மேளனம் 1963-ல் தொடங்கியது. அதன் நீண்டகாலக் கோரிக்கைகளின் பலனாக விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் 1976-ல் வந்தது. நியமனக் கடிதம், விடுமுறை, தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு இவையெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்தில் கிடைத்தது அதற்குப் பிறகுதான். சங்கக் கூட்டங்களில் உடைச் செலவும் பேச்சுக்கு வரும். பஸ் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சீருடை கொடுத்து, சலவைப் படியும் கொடுக்கிறார்கள். எங்கள் டையும் ஷூவும் கம்பெனியின் கட்டளை. அதற்கான பணம் மட்டும் எங்கள் சம்பளத்திலிருந்து போனது. தொழிலாளியின் கையில் இருக்கும் கருவிக்கு முதலாளி பணம் கொடுக்க வேண்டும் என்றால், விற்பனையாளனின் சட்டையும் கருவிதான். அன்று எங்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கையின் நியாயம் இன்றும் குறையவில்லை.

எங்கள் கூட்டத்தில் விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா படியாள். அந்தத் தலைமுறையில் காலனி ஆண்கள் ஊர்த்தெரு வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். பேருந்து நிற்குமிடம் ஊர்த்தெருவுக்கு அப்பால் இருந்தது. இவர் வேலையில் சேர்ந்த நாள் முதல் வீட்டிலேயே டை கட்டிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு அந்தத் தெருவின் நடுவே நடந்து பேருந்து ஏறினார். வெயிலில் ஏன் இவ்வளவு சீக்கிரம் கட்டிக்கொள்கிறீர்கள், நாங்கள் எல்லாம் கிளினிக்குக்குப் போகும்போதுதானே கட்டுகிறோம் என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க டாக்டருக்காகக் கட்டறீங்க. நான் எங்க ஊர் பஸ் ஸ்டாப்புக்காகக் கட்டறேன்" என்றார்.

அந்தப் பதில் உடையைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது. இந்த மண்ணில் உடை என்றுமே வெறும் துணியாக இருந்ததில்லை. மேலாடை அணியும் உரிமைக்காகத் தெற்குத் திருவிதாங்கூரின் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-ல்தான் அந்தத் தோள்சீலைப் போராட்டத்துக்கு ஒரு முடிவு வந்தது. காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்தார். விழுப்புரம் வட்டாரத்துக் காலனிகளின் முகப்பில் நீலக் கோட்டோடு நிற்கும் அவருடைய சிலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நண்பரின் நினைவு வரும். ஏழைகளில் ஒருவனாகத் தன்னைக் காட்டிக்கொள்ள ஒருவர் ஆடையைக் குறைத்தார். எங்களை ஏழையாகவே வைத்திருக்க உனக்கு உரிமையில்லை என்று சொல்ல இன்னொருவர் முழுதாக உடுத்தினார். இரண்டுக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் உடுத்தவே விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு, நன்றாக உடுத்துவது பகட்டல்ல என்பதை மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

டை சாதியை ஒழித்துவிடவில்லை. அந்த நண்பர் போகும் கடைகளில் "தம்பி எந்த ஊரு?" என்று தொடங்கும் விசாரணை "எந்தத் தெரு?" என்பதில் வந்து நிற்கும். பதில் தெரிந்தபின் காபி வேறு டம்ளரில் வந்த கடையும் உண்டு. அவர் அந்தக் காபியைத் தொடாமல், ஆர்டரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். பின்னாளில் மேனேஜர் ஆனார். தனக்குக் கீழே வேலைக்கு வந்த பிள்ளைகளில் வசதியில்லாதவர்களை அழைத்துக்கொண்டு போய், முதல் இரண்டு சட்டைகளைத் தன் பணத்தில் தைத்துக் கொடுப்பதை வழக்கமாக வைத்திருந்தார்.

தொண்ணூறுகளில் நான் மருந்துத் துறையை விட்டு விதை, பூச்சிமருந்து விற்கும் கம்பெனி ஒன்றுக்கு மாறினேன். 1993 செப்டம்பரில் விழுப்புரம் தனி மாவட்டமாகியிருந்தது. ஊர்கள் அதே ஊர்கள்தான். ஆனால் வாடிக்கையாளர் மாறியதும் உடையின் இலக்கணம் முழுவதும் மாறியது. டாக்டர் எதிரில் எதெல்லாம் நம்பிக்கையைக் கொடுத்ததோ, வரப்பில் அதெல்லாம் சந்தேகத்தைக் கொடுத்தது. ஷூ போட்டவன் வயலுக்குள் இறங்கமாட்டான், வரப்பிலேயே நின்று பேசிவிட்டுப் போவான் என்பது விவசாயியின் கணக்கு. அரைக்கைச் சட்டை, முழங்கால் வரை மடிக்கக்கூடிய பேன்ட், கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு இவைதான் அந்தத் தொழிலின் உடை. களத்தில் மணிலா, அதாவது நிலக்கடலை, காய்ந்துகொண்டிருந்தால் செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். களம் அவர்களுக்குக் கோயில் மாதிரி. யாரும் நம்மிடம் சொல்லமாட்டார்கள். ஆனால் செருப்போடு ஏறினவனிடம் மறுபடி பேசவும் மாட்டார்கள்.

திண்டிவனத்து விவசாயி எளிதில் ஏமாறுகிறவர் அல்ல. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அவர் ஊரிலேயே இருக்கிறது. அங்கே உருவாகி 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகம் திண்டிவனத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. அதற்குப் பின் டி.எம்.வி. 7 உட்படப் பல ரகங்கள் வந்தன. விஞ்ஞானிகளே வயலில் இறங்கிச் செடியைப் பிடுங்கி, காய்களை எண்ணிக் காட்டுவதைப் பார்த்துப் பழகிய விவசாயிகள் அவர்கள். எங்களிடமும் அதையே எதிர்பார்த்தார்கள். "இன்னா தம்பி, மேலேயே நின்னுகினு பேசறே, உள்ள இறங்கி வேர பாரு" என்பார்கள். இறங்கி, வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, அழுகலா பூச்சியா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் நம் பையில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். மாலையில் அறைக்குத் திரும்பும்போது பேன்ட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்தான் அன்றைய ஆர்டரின் அடையாளம்.

அந்த ஊர்ப் பெரியவர்களிடம் உடை பற்றிப் பேச்சு வந்தால் ஓமந்தூராரைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் 1895-ல் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் கோட்டைக்குப் போகும்போதும் கதர் வேட்டி, கதர்ச் சட்டைதான். பதவி போனபின் வடலூரில் வள்ளலார் வழியில் வாழ்ந்து மறைந்தார். அவரைப் பார்த்தும் கேட்டும் வளர்ந்த ஊரில், உடையின் விலையை வைத்து யாரையும் அசத்திவிட முடியாது. நேர்மை உடையில் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த உடை எளிமையாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்றும் நம்பினார்கள்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நாம் வாடிக்கையாளரின் உடையை எப்படிப் பார்க்கிறோம் என்பது நம்முடைய உடையைவிட முக்கியம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எங்கள் பக்கம் கமிட்டி என்பார்கள். அறுவடைக் காலத்தில் கமிட்டியிலிருந்து வெளியே வரும் விவசாயியின் தலையிலும் தோளிலும் மணிலாத் தூசி படிந்திருக்கும், வேட்டி மண் நிறத்தில் இருக்கும், மடியில் விளைச்சலை விற்ற பணம் இருக்கும். வீட்டுக் கல்யாணத்துக்குத் துணியும், பாத்திரமும், அடுத்த பட்டத்துக்கு உரமும் அன்றுதான் வாங்குவார். இந்தக் கணக்குத் தெரிந்த கடைக்காரர் "வாங்கய்யா, உக்காருங்க" என்று விசிறியைத் திருப்பி வைப்பார். தெரியாதவர் பக்கத்தில் நிற்கும் பேன்ட்காரரைக் கவனிப்பார். எந்தக் கடை நிலைத்தது, எந்தக் கடை மூடியது என்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் பார்த்திருக்கிறேன்.

யாரிடம் போகிறோமோ அவருக்கேற்ற உடை என்பதை எல்.ஐ.சி. ஏஜென்ட்டுகளிடமும் கண்டேன். 1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமையான பிறகு அதை எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அந்தந்த ஊர் ஆசிரியர்களும் சிறு விவசாயிகளும்தான். மரணத்தைப் பற்றிப் பேசி விற்க வேண்டிய பொருள் அது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புள்ளைங்க கதி?" என்று கேட்க, கேட்பவன் அந்த வீட்டுக்கு உறவுக்காரனைப் போல இருக்க வேண்டும். வேட்டி அந்த உறவைக் கொடுத்தது. விழுப்புரத்தில் நான் அறிந்த மிகச் சிறந்த ஏஜென்ட் ஒருவர் கடைசிவரை பேன்ட் போட்டதே இல்லை.

அந்த வேட்டிக்கே ஒரு சோதனை வந்தது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றி, தமிழர் உடையைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் யாரையும் தடுக்கக்கூடாது என்று ஆக்கியது. மீறும் மன்றங்களின் உரிமத்தை ரத்து செய்யவும் அதில் வழி உண்டு. நீதிபதிக்கே இந்த நிலை என்றால், வேட்டியோடு ஒரு நகரத்து அலுவலகத்தில் நுழைந்து பொருள் விற்க முயன்ற எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்! திருப்பூரில் எண்பதுகளில் தொடங்கிய ராம்ராஜ் போன்ற நிறுவனங்கள் வேட்டியை விளம்பரங்களில் மரியாதைக்குரிய உடையாக நிறுத்தின. அதன்பின் இளைஞர்களும் அதைப் பெருமையோடு கட்டத் தொடங்கியது எங்கள் ஊர்க் கல்யாணங்களிலேயே தெரிந்தது.

உடை மனிதர்களிடம் என்ன செய்கிறது என்பதை வெளிநாடுகளில் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1955-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சிவப்பு விளக்கை மீறிச் சாலையைக் கடக்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் கோட்டும் டையும் அணிந்தபோது பின்தொடர்ந்து கடந்தவர்கள், கூலிக்காரரின் உடையில் இருந்தபோது தொடர்ந்தவர்களைவிட அதிகம். 1975-ல் ஜான் மொல்லாய் என்பவர் வெற்றிக்கு எப்படி உடுத்துவது என்று எழுதிய புத்தகம் அங்கே ஒரு தலைமுறை விற்பனையாளர்களுக்கு வேதமானது. டாக்டர் கோட்டு என்று சொல்லிக் கொடுத்த வெள்ளைக் கோட்டை அணிந்தவர்களுக்குக் கவனம் கூடியதாக 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2019-ல் அந்த ஆய்வின் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. என் அனுபவத்தோடு ஒத்துப்போவது முதல் ஆய்வுதான். நல்ல உடைக்குப் பின்னால் மனிதர்கள் ஒருமுறை சாலையைக் கடப்பார்கள். விற்பனை என்பது அதே ஆளிடம் மறுபடி மறுபடி போவது. இரண்டாவது முறை போகும்போது முதல் முறை சொன்ன சொல்தான் முன்னால் நிற்கும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊர்களின் ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் ஒரே நிறச் சீருடைச் சேலையில் நிற்கும் பெண்கள்தான் இன்று விற்பனைத் தொழிலின் ஒரு பெரிய பகுதி. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்து பிடித்து வருகிறார்கள். கொண்டையும் பூவும் பொட்டும் கலையக்கூடாது. நின்றுகொண்டே இருக்க வேண்டும். சேலையின் மடிப்பைக் கவனித்த முதலாளிகள் அதற்குள் இருக்கும் கால்களின் வலியைக் கவனிக்கவில்லை. கேரளம் 2018-ல் வழிகாட்ட, தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். எண்பதுகளில் ஆண்களான நாங்கள் டைக்கும் சலவைப் படிக்கும் பேசினோம். உட்காருவது என்ற அடிப்படை உரிமைக்கு அந்தப் பெண்கள் இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது பெரிய அநீதி. சட்டம் வந்துவிட்டது. கடைக்குக் கடை நாற்காலி வந்துவிட்டதா என்பதைப் பொருள் வாங்கப் போகும் நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்று முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனால் இளம் ரெப்புகளைப் பார்க்கிறேன். கல்லூரி 2010-ல் வந்தது. அதோடு அங்கே அவர்கள் கூட்டமும் பெருகியது. பலர் டை கட்டுவதில்லை. தோல் பையின் இடத்தில் முதுகுப் பை, விஷுவல் எய்டின் இடத்தில் டேப்லெட் கணினி. டாக்டர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2024-ல் வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறைகள் சொல்கின்றன. நல்லது. பரிசு விலகிய இடத்தில் மிஞ்சுவது ஆளும் அவர் பேச்சும் மட்டும்தான். அதனால் தோற்றத்தின் முக்கியம் குறையவில்லை, கூடியிருக்கிறது. டை போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. நம் வெயிலுக்கு அது என்றுமே பொருந்தவில்லை. ஒட்ட வெட்டிய நகமும் துவைத்த காலரும் போகக்கூடாது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். கடன் வாங்கி உடை வாங்காதீர்கள். இரண்டு நல்ல சட்டை போதும், ஆனால் இரண்டும் தினம் துவைத்திருக்க வேண்டும். யாரைப் பார்க்கப் போகிறீர்களோ அவரை நினைத்து உடுத்துங்கள். அவர் மண்ணில் நின்றால் நீங்களும் மண்ணில் இறங்குங்கள். உங்கள் உடையைப் பார்த்து எழுந்து வழிவிடுகிற எளியவரை உட்காரச் சொல்லுங்கள். உடையை வைத்து உங்களை யாரேனும் சிறுமைப்படுத்தினால் தலை குனியாதீர்கள். நீங்களும் யாரையும் உடையை வைத்து எடைபோடாதீர்கள். நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சீருடை கேட்டால் அதற்கான பணத்தையும் கொடுங்கள், நிற்கச் சொன்னால் உட்கார இடமும் கொடுங்கள். உடை முதல் ஐந்து நிமிடத்தை வாங்கித் தரும். அதற்குப் பிறகு விற்பது நேர்மையும் பொருளைப் பற்றிய அறிவும் மட்டும்தான்.